50 ஜிபி, 30 ஜிபி: ப்ளூ-ரே ஜெயித்தது கொள்ளளவாலா?

கேள்வி இது: டிவிடிக்கு அடுத்து, உயர்துல்லியப் படங்களுக்காக மோதிக்கொண்ட டிஸ்க் வகைகள் ப்ளூ-ரே, எச்டி டிவிடி. இரண்டிலும் அதே நீல லேசர், அதே 12 செ.மீ. டிஸ்க். அப்படியிருக்க ஒன்றில் 50 ஜிபி, மற்றதில் 30 ஜிபி எப்படி? அந்த 20 ஜிபிதான் 2008-ல் எச்டி டிவிடியைச் சாய்த்ததா? கூடவே ஒரு சின்னக் கேள்வி: கையில் இருக்கும் பழைய எச்டி டிவிடிகளை இப்போது எதில் போட்டுப் பார்ப்பது?

நடுவில் உள்ளதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. படத்தின் தரத்தை வைத்துப் பார்த்தால் அந்த 20 ஜிபி பெரிதாக எதையும் தீர்மானிக்கவில்லை. ஆனால் அந்த 20 ஜிபி எங்கிருந்து வந்ததோ, அந்த ஒரே ஒரு முடிவுதான் இரண்டு முகாம்களையும் பிரித்தது, சமரசப் பேச்சைக் கெடுத்தது, பத்து வருடம் கழித்து 4கே வந்தபோது ப்ளூ-ரேக்கு உயிரும் கொடுத்தது. அந்த முடிவு டிஸ்கின் மேலுறை எத்தனை மில்லிமீட்டர் என்பது. 0.6 என்றது எச்டி டிவிடியை முன்னிறுத்திய டோஷிபா. 0.1 என்றது ப்ளூ-ரே பக்கம் நின்ற சோனி.

டிஸ்கில் தகவல் நுண்ணிய குழிகளாகச் சுருள் தடத்தில் பதிந்திருக்கிறது. லேசர் புள்ளி எவ்வளவு சிறிதோ, அவ்வளவு நெருக்கமாகக் குழிகளை வைக்கலாம். புள்ளியின் அளவைத் தீர்மானிப்பவை இரண்டு: ஒளியின் அலைநீளம், லென்ஸ் எவ்வளவு அகலமான கோணத்தில் ஒளியைக் குவிக்கிறது என்பது. இந்த இரண்டாவதை நியூமெரிக்கல் அப்பர்ச்சர் என்பார்கள். இங்கே குவிப்பெண் என்று வைத்துக்கொள்வோம். அலைநீளத்தைக் குவிப்பெண்ணால் வகுத்தால் புள்ளியின் விட்டம் எந்த விகிதத்தில் மாறும் என்று தெரிந்துவிடும்.

டிவிடியில் சிவப்பு லேசர், 650 நானோமீட்டர், குவிப்பெண் 0.60. வகுத்தால் 1083. எச்டி டிவிடியில் நீல ஊதா லேசர், 405 நானோமீட்டர், குவிப்பெண் 0.65. வகுத்தால் 623. ப்ளூ-ரேயிலும் அதே 405, ஆனால் குவிப்பெண் 0.85. வகுத்தால் 476. குழிகள் பரப்பில் நிறைவதால் இந்த எண்களின் விகிதத்தை இருமடிக்க வேண்டும். டிவிடியின் 4.7 ஜிபியோடு பெருக்கிப் பாருங்கள்: எச்டி டிவிடிக்கு 14-ஐ ஒட்டி வரும், ப்ளூ-ரேக்கு 24-ஐ ஒட்டி வரும். உண்மையான அளவு ஓர் அடுக்குக்கு 15, 25; இரண்டு அடுக்கு வைத்தால் 30, 50. அதாவது கிட்டத்தட்ட முழு வித்தியாசமும் லென்ஸில்தான் இருக்கிறது. லேசருக்கு அதில் பங்கே இல்லை. தட இடைவெளியும் அதற்கேற்பவே: டிவிடியில் 0.74 மைக்ரான், எச்டி டிவிடியில் 0.40, ப்ளூ-ரேயில் 0.32.

அப்படியானால் டோஷிபாவும் 0.85 லென்ஸைப் போட்டிருக்கலாமே என்று தோன்றும். இங்கேதான் மேலுறை வருகிறது. டிஸ்க் சுழலும்போது இம்மியளவாவது சாயும். சாய்ந்தால் புள்ளி வால்நட்சத்திரம் போல இழுபட்டுக் கலங்கும். அந்தக் கலக்கம் குவிப்பெண்ணின் மும்மடிக்கும், ஒளி கடந்து போகும் பிளாஸ்டிக்கின் தடிமனுக்கும் ஏற்ப ஏறும். 0.65-ஐ 0.85 ஆக்கினால் மும்மடிக் கணக்கில் கலக்கம் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். அதை ஈடுகட்ட ஒரே வழி, பிளாஸ்டிக்கை மெலிதாக்குவது. டிவிடியில் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.6 மி.மீ. ஆழத்தில் இருக்கிறது, எச்டி டிவிடி அதை அப்படியே வைத்துக்கொண்டது. ப்ளூ-ரே அதை 0.1 மி.மீ.க்குக் கொண்டுவந்தது.

இந்த 0.1 இலவசமாக வரவில்லை. டிவிடி என்பது 0.6 மி.மீ. தகடுகள் இரண்டை ஒட்டியது. எச்டி டிவிடியும் அதே கட்டமைப்பு என்பதால், இருந்த டிவிடி ஆலைகளைக் கொஞ்சம் மாற்றியமைத்தே அச்சடிக்க முடிந்தது. ப்ளூ-ரேக்கு 0.1 மி.மீ. உறையைப் பிசிறில்லாமல் படியவைக்கப் புதிய எந்திரங்கள் வேண்டியிருந்தன. இன்னொரு தொல்லை கீறல். டிவிடியில் லேசர் கற்றை டிஸ்கின் மேற்பரப்பைத் தொடும் இடத்தில் ஏறக்குறைய அரை மி.மீ. அகலம் இருக்கும், ஒரு கீறலோ கைரேகையோ அதில் சிறு பகுதியைத்தான் மறைக்கும். ப்ளூ-ரேயில் அதே இடத்தில் கற்றை 0.13 மி.மீ. அளவுதான். அதே கைரேகை இங்கே பெரிய சுவர். அதனால்தான் 2003 ஏப்ரலில் சோனி ஜப்பானில் வெளியிட்ட முதல் ப்ளூ-ரே ரெக்கார்டரின் 23 ஜிபி டிஸ்குகள் பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைபட்டு வந்தன. அந்தக் கூட்டோடு இது வீடுகளுக்குள் போயிருக்கவே போகாது என்பது என் எண்ணம். டிடிகே நிறுவனம் உருவாக்கிய கடினப் பூச்சுதான் கூட்டைத் தூக்கியெறிய வைத்தது. பூச்சு கண்டுபிடித்தவர்களை இந்தக் கதையில் யாரும் நினைவு வைத்துக்கொள்வதில்லை, அது அநியாயம்.

இனி அரசியல். 2002 பிப்ரவரியில் சோனி, மட்சுஷிட்டா (இன்றைய பானசோனிக்), பிலிப்ஸ், பயனியர், சாம்சங், எல்ஜி, ஹிட்டாச்சி, ஷார்ப், தாம்சன் என ஒன்பது நிறுவனங்கள் ப்ளூ-ரேயை அறிவித்தன. டிவிடி தரத்தை நிர்வகித்த டிவிடி ஃபோரத்துக்கு வெளியே போய் அறிவித்தன என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. டோஷிபாவும் என்இசியும் தங்கள் 0.6 மி.மீ. டிஸ்கை அந்த ஃபோரத்திடமே கொண்டுபோய், 2003 இறுதியில் எச்டி டிவிடி என்ற பெயரில் ஏற்கவைத்தன. இந்தப் பகைக்கு முன்கதையும் உண்டு. 1995-ல் டிவிடியே இப்படி இரண்டாகப் பிளக்கப் பார்த்தது: சோனி, பிலிப்ஸ் ஒரு பக்கம், டோஷிபா, டைம் வார்னர் மறுபக்கம். ஐபிஎம் உள்ளிட்ட கணினி நிறுவனங்கள் நடுவில் புகுந்து ஒன்றாக்கின. டோஷிபாவின் ஒட்டுத் தகடும், தகவலைக் குழிகளாக மாற்றும் பிலிப்ஸின் குறியீட்டு முறையும் சேர்ந்தன; அந்தக் குறியீட்டு முறைக்கு இடம் கொடுத்ததில்தான் 5 ஜிபியாக இருந்தது 4.7 ஆனது. டோஷிபாவுக்கு அந்த ஒட்டுத் தகடு பெருமையும் காப்புரிமை வருமானமும் சேர்ந்த சொத்து. அதை விட்டுக்கொடுக்க அவர்களுக்கு மனம் வராதது எனக்குப் புரிகிறது.

2005-ல் மறுபடி சமரசம் பேசினார்கள். மென்பொருள், நகலெடுப்பதைத் தடுக்கும் காப்புப் பூட்டு எல்லாம் பேசித் தீர்க்கக்கூடியவை. 0.1-க்கும் 0.6-க்கும் நடுவில் பாதியாக 0.35 என்று ஒரு டிஸ்க் செய்ய முடியாது. பேச்சு நடந்துகொண்டிருந்த அதே சமயத்தில் டோஷிபா மூன்று அடுக்கு 45 ஜிபி டிஸ்க் முடியும் என்று அறிவித்தது. பின்னால் 2007-ல் அதை 51 ஆக்கினார்கள், ப்ளூ-ரேயை ஒரு ஜிபியாவது முந்த வேண்டும் என்பதைத் தவிர அந்த எண்ணுக்கு வேறு அவசரம் எனக்குத் தெரியவில்லை. அந்த டிஸ்கில் ஒரு படம்கூடக் கடைக்கு வரவில்லை.

சரி, 30 ஜிபியில் நல்ல படம் அடங்குமா? கணக்குப் போடலாம். 1920 க்கு 1080 படம், நொடிக்கு 24 பிரேம். சுருக்காமல் வைத்தால், நிறத் தகவலைக் குறைத்து எடுத்தாலும், நொடிக்கு ஏறத்தாழ 600 மெகாபிட். இரண்டு மணி நேரத்துக்கு 530 ஜிபிக்கு மேல். இரண்டு டிஸ்குமே இதற்கு அருகில்கூட வராது. எனவே எல்லாம் சுருக்கும் முறையின் கையில். விசி-1, எச்.264 போன்ற அன்றைய புதிய முறைகளில் நொடிக்கு 20 மெகாபிட் கொடுத்தால் பெரும்பாலான படங்களுக்கு அருமையான காட்சி கிடைத்தது. 20 மெகாபிட், 7200 நொடி, எட்டால் வகுத்தால் 18 ஜிபி. முப்பதில் இன்னும் பன்னிரண்டு மிச்சம். பழைய எம்பெக்-2 முறையில் அதே தரத்துக்கு இதைவிட வெகுவாகக் கூடுதல் இடம் வேண்டும்.

இதில்தான் ஒரு வேடிக்கை நடந்தது. 2006 ஏப்ரலில் அமெரிக்காவில் எச்டி டிவிடி முதலில் வந்தது. டோஷிபா பிளேயர் 499 டாலர், படங்கள் இரண்டு அடுக்கு 30 ஜிபி டிஸ்கில், பெரும்பாலும் விசி-1 முறையில். ஜூனில் ப்ளூ-ரே வந்தது. சாம்சங் பிளேயர் 999 டாலர். ஆனால் இரண்டு அடுக்கு டிஸ்கைப் பிழையில்லாமல் அச்சடிக்க ஆலைகள் இன்னும் தயாராகவில்லை. எனவே முதல் ப்ளூ-ரே படங்கள் ஓர் அடுக்கு 25 ஜிபியில், அதிலும் இடத்தை விழுங்கும் எம்பெக்-2 முறையில் வந்தன. பெட்டியில் போட்ட பெருமை 50. கடையில் கிடைத்ததோ எச்டி டிவிடியைவிடச் சின்ன டிஸ்க். விமர்சகர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பாதி விலைப் பிளேயரில் ஓடிய எச்டி டிவிடியே மேல் என்று எழுதினார்கள். 2006 இலையுதிர் காலத்தில்தான் 50 ஜிபி படங்கள் வரத் தொடங்கின. கொள்ளளவுதான் போரைத் தீர்மானித்தது என்றால், முதல் ஆறு மாதத்தில் எச்டி டிவிடி ஜெயித்திருக்க வேண்டும்.

வார்னர் ஸ்டுடியோ இன்னொரு சாட்சி. அவர்கள் இரண்டு வடிவத்திலும் வெளியிட்டார்கள். எச்டி டிவிடியின் 30-க்குள் அடங்குமாறு ஒரு முறை சுருக்கிவிட்டு, பெரும்பாலும் அதே கோப்பை ப்ளூ-ரேயிலும் போட்டார்கள். இரண்டு டிஸ்கிலும் படம் ஒன்றே. மிச்ச இடம் சும்மா கிடந்தது.

அதற்காக அந்த 20 ஜிபி வீண் என்று சொல்லமாட்டேன். ஒலியில் அது தெரிந்தது. ஆறு சானல், 24 பிட், சுருக்காத ஒலி என்றால் நொடிக்கு 6.9 மெகாபிட், இரண்டு மணி நேரத்துக்கு 6 ஜிபிக்கு மேல். ப்ளூ-ரே வெளியீட்டாளர்கள் அதைத் தாராளமாகச் செய்தார்கள். எச்டி டிவிடியில் அதைச் செய்தால் படத்திலிருந்து இடம் பிடுங்க வேண்டும். நொடிக்கு எவ்வளவு தகவல் படிக்கலாம் என்பதிலும் இடைவெளி இருந்தது: படத்துக்கு மட்டும் எச்டி டிவிடியில் அதிகபட்சம் 29.4 மெகாபிட், ப்ளூ-ரேயில் 40. மழை, தீ, கூட்டம், பிலிம் துகள் நிறைந்த காட்சிகளில் இந்த உச்ச வரம்பு உதவும். மூன்று மணி நேரப் படத்துக்கும் உதவும். சென்னை பர்மா பஜாரில் ஒரே டிவிடியில் மூன்று படம் என்று வாங்கிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எத்தனை படத்தையும் ஒரு டிஸ்கில் அடைக்கலாம், சண்டைக் காட்சி வந்ததும் திரை கட்டம் கட்டமாக உடையும், அவ்வளவுதான்.

(ஜிபி பற்றியும் ஒரு வார்த்தை. 25 ஜிபி டிஸ்கைக் கணினியில் போட்டால் விண்டோஸ் 23.3 என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை; டிஸ்க் நிறுவனங்கள் ஆயிரத்தால் பெருக்குகின்றன, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. டிவிடியின் 4.7-ம் அங்கே 4.38 ஆகும்.)

வசதிகளிலும் எச்டி டிவிடி பின்தங்கியிருக்கவில்லை. முதல் நாளிலிருந்தே எல்லா பிளேயர்களிலும் இணைய இணைப்பும், படத்துக்குள் சின்னப் படம் காட்டும் இரண்டாவது டிகோடரும் கட்டாயம். மண்டலப் பூட்டு கிடையாது. எந்த நாட்டில் வாங்கிய டிஸ்கும் எங்கும் ஓடும். ப்ளூ-ரேயிலோ விதிமுறையே தவணை முறையில் வந்தது. முதல் வருடம் பிளேயர் வாங்கியவர்கள் அடுத்த வருட டிஸ்கின் சில வசதிகளைப் பார்க்கவே முடியவில்லை. வாங்குபவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் எச்டி டிவிடி நேர்மையான பொருள் என்பதுதான் என் தீர்ப்பு.

பிறகு எப்படித் தோற்றது? எத்தனை பெட்டிகள் வீட்டுக்குள் போயின, எந்த ஸ்டுடியோ யார் பக்கம் என்ற இரண்டினால். 2006 நவம்பரில் வந்த சோனியின் விளையாட்டுப் பெட்டி பிளேஸ்டேஷன் 3 ஒவ்வொன்றிலும் ப்ளூ-ரே டிரைவ் இருந்தது. நீல லேசர் டயோடு தட்டுப்பாட்டால் ஐரோப்பிய வெளியீடு 2007 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது, ஒவ்வொரு பெட்டியையும் சோனி நஷ்டத்துக்கு விற்றது. இருந்தும் 2008 தொடக்கத்தில் அந்த எண்ணிக்கை ஒரு கோடியை ஒட்டி வந்துவிட்டது. எச்டி டிவிடி பிளேயர்கள் உலகம் முழுவதும் 10 லட்சம் அளவில் நின்றன. மைக்ரோசாப்ட் எக்ஸ்பாக்ஸ் 360-க்குள் எச்டி டிவிடியை வைக்கவில்லை. 199 டாலருக்குத் தனிப் பெட்டியாக விற்றது, அதுவும் படம் பார்க்க மட்டும். விளையாட்டுகள் சாதாரண டிவிடியிலேயே இருந்தன, பெரிய விளையாட்டுகள் மூன்று நான்கு டிவிடிகளாகப் பிரிந்து வந்தன. கொள்ளளவு உண்மையிலேயே பசித்த இடம் விளையாட்டுதான், சினிமா இல்லை. அந்த இடத்தில் எச்டி டிவிடி போட்டிக்கே போகவில்லை.

ஸ்டுடியோக்களில் சோனி, ஃபாக்ஸ், டிஸ்னி ப்ளூ-ரே பக்கம். யுனிவர்சல் எச்டி டிவிடி மட்டும். பாரமவுண்டும் வார்னரும் இரண்டிலும் கால் வைத்திருந்தார்கள். ஃபாக்ஸுக்குப் பிடித்தது ப்ளூ-ரேயில் கூடுதலாக இருந்த பிடி பிளஸ் என்ற காப்புப் பூட்டு. இரண்டு வடிவத்துக்கும் பொதுவான ஏஏசிஎஸ் பூட்டு 2007 தொடக்கத்திலேயே உடைக்கப்பட்டபோது அவர்கள் தங்கள் முடிவு சரி என்று நினைத்திருப்பார்கள். அந்த ஆகஸ்டில் பாரமவுண்டும் டிரீம்வொர்க்ஸ் அனிமேஷனும் திடீரென்று எச்டி டிவிடிக்கு மட்டும் என்று மாறின. இரண்டுக்கும் சேர்த்து 15 கோடி டாலர் அளவுக்குச் சலுகைகள் கைமாறியதாக நியூயார்க் டைம்ஸ் எழுதியது. நவம்பரில் வால்மார்ட் ஒரு டோஷிபா பிளேயரை 98.87 டாலருக்குத் தள்ளிவிட்டது. இனி எச்டி டிவிடிதான் என்று அப்போது நம்பியவர்கள் முட்டாள்கள் இல்லை.

ஆனால் விலை அவ்வளவு விழுந்தது டோஷிபாவுக்கே கண்ணி ஆனது. மற்ற நிறுவனங்கள் எவையும் அந்த விலையில் பிளேயர் செய்து லாபம் பார்க்க முடியாது. எனவே எச்டி டிவிடி பிளேயர் என்றால் பெரும்பாலும் டோஷிபா மட்டும் என்ற நிலை. எதிர்ப்பக்கம் ஒரு டஜன் பெயர்கள். 2008 ஜனவரி 4 அன்று, லாஸ் வேகாஸ் மின்னணுக் கண்காட்சி தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்னால், வார்னர் இனி ப்ளூ-ரே மட்டும் என்று அறிவித்தது. எச்டி டிவிடி முகாம் அந்தக் கண்காட்சியில் நடத்தவிருந்த செய்தியாளர் சந்திப்பை ரத்து செய்தது. பிப்ரவரியில் அன்று டிஸ்க் வாடகைக்கு அனுப்பிய நெட்ஃபிளிக்ஸும், பெஸ்ட் பை, வால்மார்ட் கடைகளும் வரிசையாக எச்டி டிவிடியிலிருந்து விலகின. பிப்ரவரி 19 அன்று டோஷிபா தலைவர் அட்சுடோஷி நிஷிடா எச்டி டிவிடியை நிறுத்துவதாகச் சொன்னார். வார்னர் அறிவிப்புக்கும் இதற்கும் நடுவே ஏழு வாரம்கூட இல்லை. 2009-ல் டோஷிபாவே ப்ளூ-ரே சங்கத்தில் சேர்ந்தது.

0.1 மி.மீ.யின் பலன் அதற்குப் பிறகுதான் முழுசாகத் தெரிந்தது. லென்ஸும் தட இடைவெளியும் அப்படியே இருக்க, குழியின் குறைந்தபட்ச நீளத்தை 0.149 மைக்ரானிலிருந்து 0.112 ஆகக் குறைத்தார்கள்; கலங்கிய சிக்னலிலிருந்து சரியான தகவலை ஊகித்தெடுக்கும் கணக்கு முறைகள் அதற்குள் முன்னேறியிருந்தன. ஓர் அடுக்கு 33 ஜிபி, மூன்று அடுக்கு 100 ஜிபி. 2016-ல் வந்த 4கே ப்ளூ-ரே படங்கள் பெரும்பாலும் இந்த நெருக்கமான அடுக்குகள் கொண்ட டிஸ்குகளில்தான் வந்தன, சில காட்சிகளில் நொடிக்கு 100 மெகாபிட்டையும் தொட்டுக்கொண்டு. நெட்ஃபிளிக்ஸ் 4கே பார்க்க 15 மெகாபிட் இணைப்பு போதும் என்கிறது. இருட்டுக் காட்சிகளில் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். எச்டி டிவிடியின் 15 ஜிபி அடுக்கை இதே மாதிரி நெருக்கினாலும் இருபதுக்கு மேல் நகர்ந்திருக்காது. 4கே காலத்தில் அது மூச்சுத் திணறியிருக்கும். 2006-ல் தேவைப்படாத இடம் 2016-ல் தேவைப்பட்டது. ஆனால் அதற்குள் ஆட்கள் டிஸ்க் வாங்குவதையே குறைத்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். சாம்சங் 2019-ல் அமெரிக்கச் சந்தைக்குப் புது ப்ளூ-ரே பிளேயர் செய்வதை விட்டது. சோனி 2025 பிப்ரவரியில் வெற்று ப்ளூ-ரே டிஸ்க் உற்பத்தியை நிறுத்தியது.

உங்கள் கையில் இருக்கும் டிஸ்குகளுக்கு வருவோம். ப்ளூ-ரே பிளேயரில் அவை ஓடாது. நீல லேசர் இருந்தாலும் லென்ஸும் ஆழமும் வேறு. விதிவிலக்கு, அந்தக் காலத்தில் எல்ஜி போன்ற நிறுவனங்கள் செய்த, இரண்டையும் படிக்கும் பிளேயர்களும் சில கணினி டிரைவ்களும். பழைய டோஷிபா பிளேயர் கிடைத்தால் அதுவே நேர்வழி. இல்லையென்றால் எக்ஸ்பாக்ஸ் 360-இன் அந்தத் தனிப் பெட்டியைப் பழைய பொருள் விற்பவர்களிடம் தேடுங்கள். அது யுஎஸ்பியில் இணைவது. கணினியிலும் சாதாரண டிரைவாகவே தெரியும். மென்பொருளில்தான் வம்பு, புதிய பிளேயர் மென்பொருள்கள் எச்டி டிவிடியைக் கைவிட்டுவிட்டன, எக்ஸ்பாக்ஸ் 360-உடன் சேர்த்தே வாங்கினால் தலைவலி குறைவு. டிரைவ் வந்ததும் வார்னர் டிஸ்குகளை முதலில் போட்டுப் பாருங்கள். ஒட்டிய தகடுகளுக்கு நடுவே அடுக்கு கெட்டுப்போய், பார்வைக்குப் பளபளவென்று இருந்தும் படிக்காமல் நிற்கும் எச்டி டிவிடிகள் அந்த நிறுவனத்தின் வெளியீடுகளில்தான் அதிகம் என்று சேகரிப்பவர்கள் சொல்கிறார்கள். டிஸ்குக்கு மறுபக்கம் சாதாரண டிவிடியாக இருக்கும் இரட்டை வகை என்றால் அந்தப் பக்கமாவது எந்த டிவிடி பிளேயரிலும் ஓடும்.